நகையை அடகு வைத்து லைட் வாங்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 34. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது குடும்பத்தோடு கணவரின் பூர்வீக வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு நல்ல கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன. உறவுக்காரர் வீட்டுப் பிறந்தநாள், பிள்ளைகளுக்குச் செய்யும் 'புதுமை' என்ற சடங்கு என்று எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இப்போது வெளியாட்களும் கூப்பிடுகிறார்கள். குழந்தைகளை மட்டும் படமெடுக்கும் சின்ன ஸ்டுடியோ ஒன்றை, வளவை, அதாவது வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றிய பகுதியை, ஒட்டிய ஓர் அறையில் தொடங்க ஆசை. வளையம் போல் வட்டமாக எரியும் 18 அங்குல ரிங் லைட் ஒன்று வாங்கினார். குழந்தைகள் கண்ணைச் சுருக்குகிறார்கள், பாதிப் படங்கள் ஆடிப்போய் வருகின்றன. 'மூன்று லைட் இல்லாமல் ஸ்டுடியோ லைட்டிங் வராது' என்று மதுரையில் ஒரு கடைக்காரர் சொல்லி, 1,80,000 ரூபாய்க்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று யோசனை. மாமியாரோ, 'பச்சப் புள்ள கண்ணுல பிளாஷ் அடிச்சா பார்வை போயிரும்' என்று ஒரே பிடியாக நிற்கிறார். சென்னையில் நடக்கும் மூன்று நாள் பயிற்சிக்குப் போகலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியாக ஒரு மனவருத்தம்: ஏழு மாதக் குழந்தை ஒன்றின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறார். குழந்தையின் அம்மா போன் செய்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். 'நான் எடுத்த படம் எனக்குச் சொந்தம்தானே?' என்று கேட்கிறார்.

சகோதரி, கேள்விகள் நாலைந்து இருந்தாலும் பணம் சம்பந்தப்பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகையை வீட்டிலேயே வையுங்கள். அந்த மூன்று லைட் இப்போது உங்களுக்குத் தேவையில்லை. ஒரு லைட்டை நன்றாகக் கையாளத் தெரியாதவர் கையில் மூன்று இருந்தால், மூன்று நிழல் விழும், அவ்வளவுதான். எந்த நிழல் எந்த லைட்டால் வந்தது என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும்.

உங்களுக்கு ஏற்கெனவே வெளிச்சம் தெரியும். தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படங்களிலேயே அதற்கு அத்தாட்சி இருக்கிறது.

உங்கள் படங்கள் சொல்வது

முதல் படத்தில், பட்டுப் பாவாடை கட்டிய இரண்டு வயதுப் பெண் குழந்தையை முற்றத்து நடுவில் உட்கார வைத்திருக்கிறீர்கள். வெளிச்சம் ஏராளம்தான். ஆனால் அத்தனையும் உச்சந்தலைக்கு மேலிருந்து கொட்டுகிறது. நெற்றியும் மூக்கு நுனியும் பளபளக்க, கண்குழி இரண்டும் இருண்டு கிடக்கின்றன. தாடைக்கு அடியில் பாருங்கள், லேசான செங்காவி படிந்திருக்கிறது. அது குழந்தையின் நிறமில்லை, தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பு. மேலிருந்து வந்த வெளிச்சம் தரையில் பட்டு, அதன் நிறத்தையும் எடுத்துக்கொண்டு முகத்துக்கு ஏறுகிறது. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. தாடைக்குச் சரிசெய்தால் நெற்றி நீலம் பாய்ந்துவிடும். வெள்ளை வேட்டி ஒன்றை மடிப்புப் பிரித்து, படத்தில் தெரியாதபடி குழந்தைக்கு முன்னால் தரையில் விரியுங்கள். சிவப்பும் போகும், கண்குழிக்குக் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சமும் கிடைக்கும்.

மூன்றாவது படத்தை 'தப்பாக விழுந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அதே குழந்தை எழுந்து ஓடி, வளவுப் பத்தியில், முற்றத்து ஓரத் தாழ்வாரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்து நிற்கிறது. கால் பக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது, பின்னால் ஒரு பித்தளை அண்டா தெரிகிறது, உண்மைதான். ஆனால் முகத்தைப் பாருங்கள். கூரை விளிம்பு உச்சி வெளிச்சத்தை மறைத்துவிட்டதால், முற்றத்து வெளிச்சம் முன்னாலிருந்தும் கொஞ்சம் மேலிருந்தும் சாய்வாக வருகிறது. ஒரு கன்னம் வெளிச்சத்தில் இருக்கிறது, மறு கன்னம் மெல்ல மெல்ல இருட்டுக்குள் போகிறது. இரண்டு கண்ணிலும் மேல் பாதியில் முற்றத்தின் சதுரம் சின்னதாக மின்னுகிறது. நீங்கள் அனுப்பியதிலேயே சிறந்த வெளிச்சம் இந்தப் படத்தில்தான். ஸ்டுடியோக்காரர்கள் லைட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி போட்ட பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டிச் செய்யப் பார்ப்பதை உங்கள் வீட்டு முற்றம் இலவசமாகச் செய்து காட்டியிருக்கிறது.

மின்சார விளக்கு பரவுவதற்கு முன் உலகம் முழுக்க போட்டோ ஸ்டுடியோக்கள் கண்ணாடிக் கூரையும் பெரிய சன்னலும் வைத்து, பகல் வெளிச்சத்தில்தான் ஓடின. உங்கள் வளவுச் சுவரிலும் பெரியவர்களின் பழைய படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி, ஒவ்வொரு படத்திலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, கண்ணில் மின்னும் வெள்ளைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது, ஒரு சன்னலா இரண்டா என்பது பிடிபட்டுவிடும். இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

குழந்தை ஓடும், அதற்கு ஏற்ற வெளிச்சம் வேண்டும்

பெரியவர்களுக்கு லைட் வைப்பதற்கும் குழந்தைகளுக்கு வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். பெரியவரிடம் 'தாடையைக் கொஞ்சம் இறக்குங்க' என்றால் இறக்குவார், அப்படியே இருப்பார். அதனால் ஒரு முகத்துக்கு மட்டும் நறுக்கென்று லைட் வைக்கலாம். குழந்தைக்கு அது நடக்காது. குழந்தை உட்காரும், எழும், நாலு எட்டு நடக்கும், திரும்பி அம்மாவைப் பார்க்கும். ஆகவே முகத்துக்கு லைட் வைக்காதீர்கள், குழந்தை நடமாடும் இடத்துக்கு வையுங்கள். ஒரு கோரைப் பாய் அகலத்துக்கு எங்கே நின்றாலும் வெளிச்சம் நன்றாக இருக்கும்படி அமைத்துவிட்டால், அப்புறம் குழந்தையை 'இங்க வா, அங்க பாரு' என்று இழுக்க வேண்டியதில்லை. லைட்டிங் கற்றுக்கொள்வதன் பயனே இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும், பயப்பட வேண்டாம். லைட்டிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். குழந்தையிலிருந்து 60 செ.மீ. தள்ளி லைட் வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். குழந்தை ஓர் அடி பின்னால் நகர்ந்து 90 செ.மீ. ஆனால், வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும், படம் இருண்டுவிடும். அதே லைட் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால்? அதே ஓர் அடி நகர்ந்தாலும் முக்கால்வாசி வெளிச்சம் மிஞ்சும். சரிசெய்துவிடலாம்.

அப்படியானால் லைட்டைத் தள்ளி வைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வெளிச்சம் மென்மையாக விழுவதும் கடினமாக விழுவதும், குழந்தையின் இடத்திலிருந்து பார்த்தால் அந்த லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. தள்ளி வைக்க வைக்க அது சிறிதாகி, நிழலின் ஓரம் கத்தி போல் ஆகிவிடும். சூரியன் எவ்வளவோ பெரிதாக இருந்தும் உச்சிவெயில் நிழல் கறாராக விழுவது இதனால்தான். ஆக, லைட் தள்ளியும் இருக்க வேண்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும்.

பெரிய சாஃப்ட்பாக்ஸுக்குக் கடைக்காரர் போட்ட விலையைப் பார்த்தேன். ஆனால் உங்கள் வீட்டிலேயே வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருக்கிறதே! ஒரு சின்ன பிளாஷைக் குழந்தையை நோக்கி வைக்காமல், பக்கத்துச் சுவரை நோக்கித் திருப்புங்கள். வெளிச்சம் சுவரில் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பரவி, அங்கிருந்து குழந்தைக்கு வரும். இப்போது உங்கள் லைட் பிளாஷ் இல்லை, அந்தச் சுவர்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். சுவரில் கிரீம், மஞ்சள், பச்சை என்று ஏதாவது பெயிண்ட் அடித்திருந்தால் அந்த நிறமும் கூடவே வரும். அப்போது வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு அதில் அடியுங்கள். இன்னொன்று, செட்டிநாட்டுப் பழைய பூச்சு கண்ணாடி போல் வழுவழுப்பாக இருக்கும். அப்படிப்பட்ட சுவரைக் குழந்தைக்குப் பின்னணியாக வைத்து நேரே பிளாஷ் அடித்தால், நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு விழும். லைட்டைப் பக்கவாட்டில் கொண்டுபோனால் திட்டு மறைந்துவிடும். மேற்கூரையில் அடித்துத் திருப்பலாமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் வேண்டாம். கூரை உயரம், பர்மாத் தேக்கு, நிறமும் அடர்த்தி. வெளிச்சம் பாதி அங்கேயே போய்விடும், திரும்பி வருவதும் பழுப்பாக வரும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் நீங்கள் யோசித்து வைத்திருக்கும் அறை ஏன் தோதில்லை என்பதும் புரியும். வளவை ஒட்டிய அறைகள் பெரும்பாலும் சாமான் வைக்கக் கட்டியவை. குறுகலாக, சன்னல் குறைவாக இருக்கும். அங்கே லைட்டை இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால், நீங்கள் நிற்க இடமிருக்காது. சாமானை அந்த அறையில் வைத்துவிட்டுப் படத்தை வளவுப் பத்தியிலேயே எடுங்கள்.

ரிங் லைட் ஏன் கைகொடுக்கவில்லை

அது மோசமான கருவி இல்லை, அதற்கான வேலை வேறு. நகராமல் உட்கார்ந்து பேசுகிறவருக்கு அது போதும். ஓடும் குழந்தைக்கு, கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடியாகவாவது குறைய வேண்டும். உங்கள் படங்கள் பலவும் 1/60 நொடியில் எடுத்தவை என்று அதன் விவரங்கள் சொல்கின்றன. அந்த ரிங் லைட் கொடுக்கும் வெளிச்சத்துக்கு கேமரா அதைவிட வேகமாகப் போக முடியவில்லை. அதனால்தான் கைகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. பிளாஷில் கதை வேறு. அறை வெளிச்சம் குறைவாக இருந்தால் அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, பிளாஷ் மின்னும் நேரம்தான். சாதாரண கையடக்க பிளாஷைக் கால் பங்கு திறனுக்குக் கீழே வைத்தால் அது 1/1000 நொடிக்கும் குறைவாகவே எரியும். துள்ளுகிற குழந்தையின் முடி கூட ஆடாமல் நிற்கும்.

கண் சுருக்குவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. இருட்டறையில் முகத்துக்கு நேரே ஓயாமல் எரியும் லைட்டை நம்மாலேயே பார்க்க முடியாது, குழந்தை எப்படிப் பார்க்கும்? அறையில் வழக்கமான வெளிச்சம் இருக்கட்டும், சன்னல் திறந்திருக்கட்டும்.

மாமியாருக்கு என்ன பதில் சொல்வது

அவர் பயப்படுவது குழந்தை மேல் உள்ள அக்கறையில்தான். அதனால் 'உங்களுக்குத் தெரியாது' என்று தட்டிவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் கண் மருத்துவர்கள் சொல்லிவருவது தெளிவாகவே இருக்கிறது: சாதாரண கேமரா பிளாஷால் குழந்தையின் பார்வை போகும் என்பதற்கு ஆதாரமில்லை. பிளாஷ் பட்டுக் குழந்தைக்குப் பார்வை போனதாக 2015-ல் சீனாவிலிருந்து ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது, அப்போதே கண் மருத்துவர்கள் அதை மறுத்தார்கள். அதற்காகக் கைக்கெட்டும் தூரத்தில் முகத்துக்கு நேரே அடிக்கலாம் என்று அர்த்தமில்லை. குழந்தை திடுக்கிடும், அழும், அப்புறம் கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். சுவரில் திருப்பி அடிக்கும்போது அந்தப் பிரச்சினையே இல்லை. மாமியாரைக் குழந்தையின் இடத்தில் உட்கார வைத்து, சுவரில் திருப்பி இரண்டு படம் எடுத்துக் காட்டுங்கள். அவருக்கும் ஒரு நல்ல படம் கிடைத்த மாதிரி இருக்கும். எடுக்க வரும் பெற்றோரிடம், பிள்ளைக்கு வலிப்பு வந்ததுண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். 'ஆமாம்' என்றால், டாக்டரிடம் கேட்காமல் பிளாஷைத் தொட வேண்டாம். முற்றத்து வெளிச்சமே போதும்.

கண்ணைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. இதைக் குழந்தைகளைப் படமெடுக்கும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேமரா மேலேயே இருக்கும் பிளாஷில் எடுத்தால் சில சமயம் கண்மணி சிவப்பாக விழும், அது சாதாரணம். ஆனால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றொன்று வெள்ளையாகவும் விழுந்தால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களில் அப்படியே வந்தால், விட்டுவிடாதீர்கள். பார்க்கும் கோணத்தாலும் அப்படி வரலாம், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது. ஆனால் விழித்திரைப் புற்றுநோய் முதலில் வெளிப்படும் விதங்களில் இதுவும் ஒன்று. அது பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது, சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் பல சமயம் பார்வையையும் காப்பாற்றலாம். பெற்றோரைத் தனியே அழைத்து, பதற்றப்படுத்தாமல், 'ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்' என்று சொல்லுங்கள், படத்தையும் கையில் கொடுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

என்ன வாங்கலாம், எங்கே கற்கலாம்

கையால் திறனைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண பிளாஷ் ஒன்று, அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைத்து இயக்க ஒரு ட்ரிகர், ஒரு வெள்ளைக் குடை, ஒரு ஸ்டாண்ட். இவை நாலும் 15,000 ரூபாய் அளவில் முடியும். ஸ்டாண்ட் காலில் கட்ட மணல் பை கடையில் வாங்க வேண்டாம், கெட்டித் துணிப்பையில் மணல் நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டாமல் விடாதீர்கள். குழந்தை பிடித்து இழுப்பது முதலில் அந்த ஸ்டாண்டைத்தான்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை பின்னால் வந்தாலும் நகை கடைசி வழியாக இருக்கட்டும். 2015-லிருந்து இருக்கும் முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கேட்கலாம். வங்கியில் விசாரியுங்கள். ஆறு மாதம் வேலை நடந்து, இரண்டாவது லைட் எதற்கு வேண்டும் என்று உங்களாலேயே ஒரு வரியில் சொல்ல முடிந்தால் அப்போது வாங்கலாம். 'தலைமுடி பின்னணியோடு ஒட்டிப்போகிறது, பிரித்துக் காட்ட வேண்டும்' என்பது ஒரு காரணம். 'எல்லோரிடமும் இருக்கிறது' என்பது காரணமில்லை.

மூன்று நாள் பயிற்சியைப் பற்றி: போகலாம், ஆனால் இப்போது வேண்டாம். அங்கே லைட்டை அவர்கள் அமைத்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் பழகிய மாடல் நிற்பார். வரிசையில் நின்று ஆளுக்கு நாலு படம் எடுப்பீர்கள். படம் அழகாக வரும், அதை வீட்டில் திரும்பச் செய்ய வராது. அதற்குப் பதில் முகூர்த்த மாதங்களில் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நன்றாக வேலை செய்யும் ஒரு ஸ்டுடியோவில், லைட் பிடிக்கும் ஆளாகச் சில நாள் போக முடியுமா பாருங்கள். கூச்சம் வேண்டாம். லைட்டைக் கையில் பிடித்து நிற்கிறவருக்குத்தான், அரை அடி நகர்த்தினால் முகத்தில் என்ன மாறுகிறது என்பது கண்ணெதிரே தெரியும். நீங்களே சில மாதம் பழகி, விடை கிடைக்காத கேள்விகள் ஒரு பக்கம் சேர்ந்த பிறகு பயிற்சிக்குப் போனால் கொடுத்த காசுக்குப் பயன் இருக்கும்.

பழகும்போது குழந்தையை வைத்துப் பழகாதீர்கள், அதன் பொறுமை கொஞ்ச நேரத்துக்குத்தான். கணவரை ஒரு மணைப் பலகையில் தரையோடு உட்கார வையுங்கள், முகம் குழந்தை உயரத்துக்கு வந்துவிடும். ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை வாங்கும் திறன்) 200, ஷட்டர் 1/160 நொடி, எஃப் (லென்ஸ் துவாரத்தின் அளவு) 5.6 என்று தொடங்குங்கள். முதல் படம் பிளாஷ் இல்லாமல். அதில் அறை வெளிச்சம் மட்டும் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். அடுத்து பிளாஷோடு. அப்புறம் மற்ற எதையும் தொடாமல் லைட்டின் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள். முகத்துக்கு நேர் எதிரே, 45 பாகையில், முழுப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில். கன்னத்தில் ஒரு முக்கோண வெளிச்சம் விழும் இடம் ஒன்று வரும். அதை ரெம்பிராண்ட் லைட்டிங் என்பார்கள். பெரியவர்களுக்கு அழகு. சின்னக் குழந்தையின் தட்டை மூக்குக்கும் உப்பிய கன்னத்துக்கும் அது சரியாக அமைவதும் கஷ்டம், அமைந்தாலும் முகம் கொஞ்சம் இறுக்கமாகத் தெரியும். லைட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுவந்தால் குழந்தை குழந்தையாகத் தெரியும்.

நிறம் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். 'புள்ளைய கொஞ்சம் வெள்ளையா எடுத்துக் குடுங்க' என்று கேட்பார்கள் என எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். கறுத்த தோலுக்குப் பெரிய, பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் ஒரு மினுமினுப்பு வரும், வெளுத்த தோலில் அது அவ்வளவு எடுப்பாக வராது. அந்தப் படத்தை எந்த மாற்றமும் செய்யாமல் அம்மாவிடம் காட்டுங்கள். அநேகமாக அவரே சம்மதித்துவிடுவார். முகத்தில் எண்ணெய் மட்டும் அதிகமாக இருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துவிடாதீர்கள், அந்த வீட்டார் வைத்த பொட்டு அது.

பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஆர்வம் காட்டியிருக்கிறீர்கள். கன்னத்தில் கை ஊன்றித் தவளை போல் உட்கார்ந்திருக்கும் பச்சிளங்குழந்தைப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரியவர் கை தாங்கியிருக்க இரண்டு மூன்று படமாக எடுத்து ஒன்றாகச் சேர்த்தவை. குழந்தை அப்படி இருக்காது, இருக்க வைக்கவும் கூடாது. நேரில் பயிற்சி பெறாமல் அதில் இறங்க வேண்டாம். பச்சைக் குழந்தையை அம்மா மடியிலோ அப்பத்தா மடியிலோ வைத்து எடுங்கள். எந்த லைட்டும் குழந்தையின் தலைக்கு நேர் மேலே தொங்கக் கூடாது.

வீடும் படமும் யாருக்குச் சொந்தம்

நான் வக்கீல் இல்லை, தொழிலில் இருப்பவனாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். பூர்வீக வீடு என்கிறீர்கள். செட்டிநாட்டில் பல வீடுகள் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. உங்கள் வீடும் அப்படியென்றால், வளவில் தொழில் நடத்த உங்கள் கணவரின் சம்மதம் மட்டும் போதாது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பங்குதாரர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். நாலு பேர் காசு கொடுத்து வந்துபோக ஆரம்பித்த பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். வீட்டு மின் இணைப்பிலேயே தொழில் செய்யலாமா என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

'நான் எடுத்த படம் எனக்குச் சொந்தம்' என்று பலரும் நினைக்கிறார்கள். ஒருவர் கேட்டுக்கொண்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு இது பொருந்தாது. பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அப்படிப்பட்ட படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களின் விஷயத்தில் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சட்டத்தை விடுங்கள், ஏழு மாதக் குழந்தையால் 'போடாதீங்க' என்று சொல்ல முடியாது. அதற்காகச் சொல்ல அம்மாதான் இருக்கிறார்.

இனிமேல் ஒரு பக்கத்தில் எளிய தமிழில் சம்மதப் படிவம் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பத்துக்கு மட்டுமா, ஸ்டுடியோச் சுவரில் மாட்டலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 'இணையத்தில் வேண்டாம்' என்பவருக்கும் அதே விலை, அதே கவனம் இருக்க வேண்டும். உடையில்லாத குழந்தைப் படத்தைப் பெற்றோரே கேட்டாலும் இணையத்தில் ஏற்றாதீர்கள்.

அந்த அம்மாவின் போனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்று கடிதத்தில் இருக்கிறது. படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வேறு எந்தப் பக்கத்திலாவது பகிர்ந்திருந்தால் அங்கேயும் எடுங்கள், எடுத்துவிட்டேன் என்று நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்தப் படத்தை நல்ல தாளில் ஒரு பிரிண்ட் போட்டு, முடிந்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.